சைக்கிள் கணக்கில் கழிக்காமல் விட்டவை

மாதம் மூன்று கிலோ குறையும் என்று செல்போன் செயலி சொன்னதை நம்பிச் சைக்கிள் வாங்குகிறவர்கள், எடை இறங்கவில்லை என்றதும் அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. அவர்கள் மிதித்ததில் குறையில்லை. செயலி போட்ட கணக்கில்தான் குறை.

எழுபது கிலோ எடையுள்ளவர் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறத்தாழ 475 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே போகிற 70 கலோரியும் அதில் அடக்கம். அதைக் கழித்தால் மிச்சம் 405. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால், வாரம் ஐந்து நாள் மிதிப்பவருக்கு ஒரு கிலோ குறைய நான்கு வாரம் ஆகும். கடைத்தெரு நெரிசலில் மெதுவாகப் போகிறவருக்கு ஏழெட்டு வாரம். அதுவும் சாப்பாடு ஒரு கவளம்கூடக் கூடாமல் இருந்தால்! சைக்கிளை விட்டு இறங்கியதும் இரண்டு வடை, சீனி போட்ட ஒரு டீ என்று ஆரம்பித்தால், செலவழித்ததில் பாதிக்கு மேல் அங்கேயே திரும்பி வந்துவிடும்.

எங்கள் ஊரில் காற்று வேறு இருக்கிறது. ஆனி, ஆடியில் கிருஷ்ணாபுரம் போகும்போது மேல்காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் அறையும். எதிர்க்காற்றில் மூச்சு வாங்க ஊர்ந்து வருகிறவரை, வேகத்தையும் எடையையும் மட்டும் பார்க்கிற செயலி, உலாவப் போனவர் என்று எழுதிக்கொள்கிறது. நாடித்துடிப்பு பார்க்கும் கருவிகளும் இதில் தேறவில்லை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

அந்த 7,700-உம் 1958-இல் அமெரிக்க மருத்துவர் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி போட்ட கணக்கின் வழிவந்ததுதான். முதல் சில வாரங்களுக்கு அது உத்தேசமாக ஒத்துவரலாம். ஆனால் உடம்பு இளைக்க இளைக்க அதே தூரத்துக்குக் குறைவாகவே செலவழிக்கும். முதல் மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு இலக்கு வைப்பது சரியில்லை.

மிதிப்பதன் பலனுக்கு எடை இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வேலை செய்கிற தொடைத் தசை அன்றைக்கே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிக் கிடக்கிற நம் ஊர்களில், தராசு முள் நகரவில்லை என்பதற்காக ஒருவர் சைக்கிளைக் கைவிடுவது பெரிய இழப்பு.

செயலி தயாரிப்பவர்கள் உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் கலோரியைக் கழித்துவிட்டுக் காட்டட்டும். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ‘300 முதல் 500 வரை’ என்று போடட்டும். கிலோ வாக்குறுதியை அடியோடு எடுத்துவிடட்டும். மாதம் அரை கிலோ குறைந்தாலே நல்லது என்று தெரிந்து ஆரம்பிக்கிற நாற்பது வயதுக்காரர், அடுத்த ஆனிக் காற்றிலும் மிதித்துக்கொண்டிருப்பார்.