சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிப்போவதா?

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான் (பெயர் வேண்டாம், முதல் பெஞ்சுக்காரன்): "ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் ஒருத்தருக்கு கமிட் உரிமை கொடுத்தாச்சுன்னா அதோட முடிஞ்சது சார். திறமை இருக்குன்னுதானே கொடுத்தாங்க? அதுக்கப்புறம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறதெல்லாம் டைம் வேஸ்ட்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் என்னிடம் படித்து இன்று டீம் லீடாக இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் விட மனமில்லை. அவன் சொன்னது தவறு, அதுவும் சின்னத் தவறு இல்லை.

சாஃப்ட்வேர் தெரியாத அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். சில மென்பொருள்களின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை உள்ளே சேர்க்கும் உரிமை ஒரு சிலருக்கே உண்டு. அவர்கள்தான் கமிட்டர்கள். நல்ல திருத்தங்களாகத் தொடர்ந்து அனுப்புகிறவரை அழைத்து அந்த உரிமையைக் கொடுப்பார்கள். வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. சாவி கொடுத்த மறுநாளிலிருந்து என்ன நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆசிரியர் வேலையில் இதற்கு எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டோம். பி.எட். படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். எம்.எஸ்ஸி.யில் தங்கப்பதக்கம் வாங்கியவர்கள்கூட உண்டு. பாடம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பாடக்குறிப்பை வழிகாட்டி ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வகுப்புக்குள் போகலாம். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார். பாடம் தெரிவது வேறு, நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பைக் கையில் எடுப்பது வேறு. நல்ல திருத்தம் எழுதுவதும், பிறர் அனுப்பும் திருத்தத்தில் எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்வதும் அப்படித்தான்.

இதை அழகாகச் செய்கிற ஒரு திட்டம் உண்டு. 1993-இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அங்கே புதுக் கமிட்டருக்கு ஒரு மென்டர் உண்டு. சாவி கையில் இருந்தாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் மென்டர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே சேர்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார் என்பதையும் அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே எழுத வேண்டும். இனி இவர் தனியாகப் போகலாம் என்று மென்டர் சொல்கிற வரை இப்படித்தான். அதுவரை புதியவர் செய்வதற்கு மென்டரும் பொறுப்பு. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. யாருக்கு யார் மென்டர் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் ஒரு கோப்பை அவர்கள் வைத்திருக்கிறார்கள். புதியவர் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று அதில் தன் பெயரைச் சேர்ப்பது. குருபரம்பரை! ஒருவர் தவறான மாற்றத்தைச் சேர்த்து எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிட்டால், 'கூம்புத் தொப்பி எனக்கு' என்று தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் வேடிக்கையான வழக்கமும் உண்டு. பெஞ்சு மேல் ஏறி நின்றவர்களுக்குப் புரியும்.

இதெல்லாம் டைம் வேஸ்ட் என்கிறவர்கள் வேறொரு கதையைக் கேளுங்கள். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள் உண்டு. லினக்ஸ் ஓடுகிற இடத்திலெல்லாம் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் ஃபின்லாந்தின் லாஸெ கொலின், அநேகமாகத் தனி ஆளாக, சம்பளம் இல்லாமல். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-இல் முன்பின் தெரியாத சிலர் வந்து, ஏன் இவ்வளவு மெதுவு, வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடு என்று கொலினை நச்சரித்தார்கள். தன் மனநிலை சரியில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அந்த மனிதர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் ஜியா டான் கைக்குச் சாவி போயிற்று. 2024 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட பதிப்பில் ஒரு கள்ளக்கதவு இருந்தது. சர்வர்களுக்குள் வெளியாள் நுழைவதற்கான வழி.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தன் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று குடைந்து பார்த்து, மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்வதற்குள் தப்பித்தோம். அரை வினாடியைப் பெரிதாக எடுத்துக்கொண்ட ஒருவர் இருந்ததால்!

இதில் கொலினைக் குறை சொல்கிறவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. புதியவர் சேர்க்கிற ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க அந்த மனிதருக்கு உதவியாக இன்னும் இரண்டு பேர் இருந்தார்களா? மென்டர் இருந்திருந்தால் மட்டும் பிடித்திருப்பாரா என்று கேட்பீர்கள். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக நடித்தவர் அவர். ஆனால் அந்தக் கள்ளக்கதவைத் திறந்துவிடும் வரிகள் பொதுவில் எல்லோரும் பார்க்கிற நிரலில் இல்லை, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும்தான் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருந்திருந்தால் அவருக்கு வேலை எவ்வளவு கடினமாகியிருக்கும்?

அப்படியானால் புது ஆளே வேண்டாம், கதவைச் சாத்து என்கிறது எதிர்க்கட்சி. 2020 அக்டோபரில் இலவச டி-ஷர்ட்டுக்காகக் குப்பைத் திருத்தங்களாக அனுப்பிப் பராமரிப்பாளர்களின் உயிரை வாங்கியதில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் கதவைச் சாத்தினால் உள்ளே மிஞ்சுவது இன்னும் களைத்த, இன்னும் தனியான ஒரு கொலின்தான். டெபியன்காரர்கள் கதவைச் சாத்தவில்லை. சேர விரும்புகிறவர் வழக்கமாக ஏற்கெனவே உள்ளவர்களை நேரில் பார்த்து அடையாளத்தை உறுதிசெய்து வருவார். பிறகு ஒருவர் பொறுமையாகக் கேள்வி கேட்டு, வேலை கொடுத்துப் பார்ப்பார். மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டுமே.

டீம் லீடுகளே, உங்கள் கம்பெனி இந்த இலவச மென்பொருள்களின்மேல் உட்கார்ந்துதான் பில் போடுகிறது. மூத்த பொறியாளர் ஒருவர் வாரத்தில் மூன்று மணி நேரம் ஒரு புதுக் கமிட்டருக்கு மென்டராக இருந்தால், அதை டைம்ஷீட்டில் எழுத இடம் உண்டா? "சொந்த நேரத்தில் செய்யட்டும் சார்" என்றால், 2022-இல் கொலினை நச்சரித்தவர்களுக்கும் உங்களுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஆபீசில் தினமும் ஓடுகிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை எடுத்து, கடந்த ஓராண்டில் அதில் எத்தனை பேர் கமிட் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கமென்டில் எழுதுங்கள். ஒரே ஒருவர் என்று வருகிறவற்றை ஞாயிற்றுக்கிழமை பட்டியல் போடுகிறேன். "அருமை சார்" என்று மட்டும் போடுகிறவர்களுக்கு மார்க் கிடையாது.