வாரத்துக்கு 74 மணி நேரம்

இரவு முழுக்கக் கண் விழித்த டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் தெரிந்தே யாரும் ஏறமாட்டார்கள். ஆனால் முந்தைய நாள் காலையிலிருந்து தூங்காத டாக்டரிடம் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. அவர் தூங்கவில்லை என்பது நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரிகளில், நாட்டின் மற்ற நகரங்களைப் போலவே, ராத்திரி வார்டைத் தாங்கிப் பிடிப்பவர்கள் எம்.டி., எம்.எஸ். படிக்கும் முதுநிலை மாணவர்கள்தான். அட்மிஷன் போடுவது, ரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, உறவினர்களின் கோபத்துக்கு ஈடுகொடுப்பது எல்லாம் அவர்கள் தலையில். விடிந்ததும் ரவுண்ட்ஸில் பேராசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. இதற்கு நடுவில் ஆய்வேடு, செமினார், பரீட்சை.

மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. தலைவர், பெங்களூர் நிம்ஹான்ஸின் மனநலப் பேராசிரியர் டாக்டர் சுரேஷ் படா மட். குழுவின் அறிக்கை 2024-ல் வெளியானது. கருத்துக்கணிப்பில் பதில் அளித்த 5,337 முதுநிலை மாணவர்களில் 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். 56 சதவீதம் பேருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தற்கொலை எண்ணம் வந்ததாக ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 31 சதவீதம். தாமாக முன்வந்து ஆன்லைனில் பதில் சொன்னவர்களின் கணக்கு இது. எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அதில் பாதிதான் உண்மை என்றாலும் அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல.

குழு சொன்ன பரிகாரம்: வாரத்துக்கு அதிகபட்சம் 74 மணி நேரம் வேலை, ஒரு நாள் விடுமுறை, தினமும் ஏழெட்டு மணி நேரத் தூக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, 1992-ஐ மறந்துவிட்டால். அந்த ஆண்டு ஜூனில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட உத்தரவு, ஜூனியர் ரெசிடென்ட்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமலும் வேலை செய்தால் போதும் என்றது. கூடவே ஒரு வாலும் இருந்தது: தேவையைப் பொறுத்து ஆஸ்பத்திரி நிர்வாகம் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த வால்தான் முப்பது வருடங்களாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதிகளோ ‘நியாயமான வேலை நேரம்’ என்றன; எத்தனை மணி என்று சொல்லவில்லை. இந்த லட்சணத்தில், 48-ல் தொடங்கிய பேச்சு 74-க்கு வந்து நிற்கிறது. அதுவும் சிபாரிசாக.

ஏன் இப்படி? முதுநிலை மாணவருக்கு இரண்டு முகங்கள். ‘இது அளவுக்கு மீறிய வேலை’ என்றால், ‘நீ தொழிலாளி அல்ல, மாணவன், இது பயிற்சி’ என்கிறார்கள். மாணவனுக்குரிய ஓய்வைக் கேட்டால், ‘நீ டாக்டர், நோயாளியை விட்டுவிட்டுப் போவாயா?’ என்கிறார்கள். புகார் செய்யலாம். ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் டியூட்டி போடுகிறவரும் பெரும்பாலும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள்.

அமெரிக்காவில் மாற்றம் வர ஒரு பெண்ணின் சாவு தேவைப்பட்டது. 1984-ல் லிபி சையன் என்ற 18 வயது மாணவி நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். பத்திரிகையாளரான தந்தை விடாமல் போராடினார். 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது.

நேரத்தைக் குறைத்தால் கற்பது குறையும், டாக்டர் மாறும்போது தகவல் விட்டுப்போகும் என்று மூத்த மருத்துவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ரத்த பாட்டிலுக்காக ஓடுவதும் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்து நிற்பதும் படிப்பாகாது. அந்த வேலைகளுக்கு ஆள் போட்டாலே பல மணி நேரம் மிச்சமாகும்.

மாணவர்களுக்கு யோகா, கவுன்சலிங் என்று ஏற்பாடுகள் நடக்கின்றன. நல்லதுதான். மனம் தளர்ந்தவர்கள் இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் பேசலாம். 2022-ல் தொடங்கிய இந்தச் சேவையின் தலைமை மையமும் நிம்ஹான்ஸ்தான். தயங்காமல் பேச வேண்டும். ஆனால் வேலையால் வரும் ‘பர்ன் அவுட்’ என்ற சோர்வை 2019-ல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலைச் சூழலின் விளைவு என்றது. அப்படியானால் மருந்தும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வார்டிலும் டியூட்டி சார்ட் ஒன்று தொங்குகிறது. அதில் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கும். எத்தனை மணிக்குப் போகலாம் என்பதையும் எழுதி, அதன்படி அனுப்பியும் வைத்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.