பேனுக்காக மொட்டை அடிக்கலாமா?

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணிக்கு அருகே இருக்கிறது, படவேடு. அங்குள்ள ரேணுகாம்பாள் கோவிலில் பக்தர்கள் முடி காணிக்கை செலுத்துகிறார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிப்பது இல்லை. அது பக்தி.

ஆனால், தலையில் பேன் இருக்கிறது என்று பத்து வயதுப் பெண்ணுக்கு மொட்டை அடித்தால்? மறுநாள் பள்ளிக்கூடம் போகவே அவள் கூசுவாள். அது காணிக்கை அல்ல, தண்டனை!

அவள் செய்த குற்றம் என்ன?

குற்றம் இல்லை

சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதம் பேனுக்குக் கிடையாது. அதற்கு வேண்டியது மனித ரத்தம். பேன் பறக்காது, குதிக்காது, ஊர்ந்துதான் போகும். பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்து விளையாடும்போதும், தூங்கும்போதும் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே, பேன் உள்ள பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைப்பது நியாயம் அல்ல. பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது.

ஆபத்து

சிலர் தலையில் மண்எண்ணெய் தடவுகிறார்கள். தீப்பொறி பட்டால் என்ன ஆகும்? பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதைவிட மோசம். தோல் வழியாக உடம்பில் இறங்கி, உயிரையே குடித்துவிடும். இரண்டையும் தலையில் வைக்கவே கூடாது.

சீப்பு போதும்

பேன் சீப்பு நேற்று வந்தது அல்ல. இஸ்ரேல் நாட்டில், லாக்கீஷ் என்ற பழைய நகரைத் தோண்டியபோது ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. சுமார் 3,700 ஆண்டு பழமையானது. தலையிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழியவேண்டும் என்ற வேண்டுதல் அதில் எழுதப்பட்டிருப்பதை, ஆராய்ச்சியாளர்கள் 2022-ம் ஆண்டு அறிவித்தார்கள்.

அந்தச் சீப்பு வைத்தியமே இன்றும் நல்லது. தலைக்கு எண்ணெய் தடவுங்கள். நெசவாளி இழை பார்ப்பதுபோல வகிடு வகிடாகப் பிரியுங்கள். வேரில் இருந்து நுனிவரை பேன் சீப்பால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள்.

ஒரு நாள் வாரினால் போதாது. ஈறு பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். எனவே, 3 நாளுக்கு ஒரு முறை, 3 வாரம் வாரவேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் அதே நாளில் பார்க்கவேண்டும். அப்படியும் பேன் போகாவிட்டால், டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குங்கள்.

பெற்ற மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை வாருவது ஒரு பாரமா? தாய்க்கு நேரம் இல்லாவிட்டால், தகப்பனார் வாரட்டுமே!

வெட்டிய முடி வளர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம், லேசில் ஆறாது.