வாயைத் திறந்து கேட்போம்

“வெற்றிலையை விடு” என்று தோட்டத்துக்கு வந்து சொல்லிப் போகிறவர்கள் பலர். உண்மைதான். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோயே. ஆனால் குளிரிலும் பசியிலும் மலையேறும் தொழிலாளிக்குப் புத்திமதி மட்டும் போதுமா?

வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுகுவது: இவை எச்சரிக்கைகள். நேரத்தோடு போனால் சிறிய சத்திரசிகிச்சையோடு முடியலாம். பிந்தினால் தாடை எலும்பை வெட்டி, கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, கையிலோ தொடையிலோ சதை எடுத்து ஒட்ட வேண்டிவரும்.

பேராதனை பல் வைத்தியசாலையிலும் மஹரகமையிலும் இந்தச் சிகிச்சை இலவசம். பிறகு ஏன் நம்மவர்கள் பிந்துகிறார்கள்? ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும். பஸ் காசு வேறு. வலிக்காத புண்ணுக்காக யார் பேரை இழப்பார்?

தோட்ட நிர்வாகங்களே, பெரட்டுக்களத்திலேயே வருடம் இரண்டு முறை வாய்ப் பரிசோதனை நடத்துங்கள். கிளினிக் போகும் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள்.

தோழர்களே, தோழியர்களே! இன்றே கண்ணாடியில் வாயைப் பாருங்கள். சந்தேகமென்றால் தள்ளிப்போடாதீர்கள். பேர் வெட்டினால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். கேட்க சங்கம் இருக்கிறது.