எசமான் போனான், அவன் சொல் போனதா?

சங்கரன்கோவில் விசைத்தறித் தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அறுபதைக் கடந்தவர். தறியோடு தேய்ந்த கை. அந்தக் கையில் ஓர் ஆங்கில மனு. முதியோர் உதவித்தொகை கேட்கும் மனு. "தம்பி, காசு கொடுத்து எழுதி வாங்கினேன். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். தொடக்கத்திலே, "ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக்." முடிவிலே, "யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்." மிகத் தாழ்ந்து இரந்து தொடங்கி, பணிவுள்ள வேலைக்காரனாக முடிகிறது என்று பொருள் சொன்னோம். பெரியவர் முகம் சுருங்கியது. "நான் எப்ப தம்பி பிச்சை கேட்டேன்?"

கேட்டாரா தோழர்களே? இல்லை! உழைத்து ஓய்ந்தவர் உரிமையைக் கேட்டார். 'ஆஸ்க்' என்ற எளிய சொல் இருக்க, 'பெக்' எதற்கு? எழுதியவர் மீது நமக்குக் கோபமில்லை. வெள்ளைக்காரன் காலத்து மாதிரிக் கடிதத்தைப் பார்த்துப் பழகியவர். பழஞ்சொல்தான் கௌரவம் என்பது அவர் மயக்கம்.

அந்தக் கௌரவத்தை ஆங்கிலேயனே மூட்டை கட்டிவிட்டான்! அரசு ஊழியர் எளிய சொல்லில் எழுதவேண்டும் என்று 1948-ல் எர்னஸ்ட் கவர்ஸ் நூலே எழுதினார். 1999-ல் இங்கிலாந்து நீதிமன்றங்கள் 'பிளெயின்டிஃப்' என்பதைக் கைவிட்டு, கோருபவர் என்று பொருள்படும் 'கிளெய்மன்ட்' என்ற சொல்லை வைத்துக்கொண்டன. நமது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இன்றும் 'பிளெயின்டிஃப்' கொலுவிருக்கிறார். அவன் கழற்றிப் போட்ட சட்டையை நாம் வெளுத்து உடுத்துவதா?

"அது வெறும் மரியாதை" என்பார்கள். 'ஐயா' மரியாதை, 'வணக்கம்' மரியாதை. இரப்பது மரியாதையா?

நம் மேடையிலே அக்கிராசனர் தலைவரானார். அபேட்சகர் வேட்பாளரானார். நமஸ்காரம் வணக்கமாயிற்று. வானம் இடிந்துவிடவில்லை, மக்களுக்குப் புரிந்தது, முதுகு நிமிர்ந்தது!

குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆகவே தமிழில் எழுதுங்கள். அங்கேயும் 'சமூகத்திற்கு', 'பிரார்த்திக்கிறேன்' வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், 'பெக்' வேண்டாம்.

பெரியவருக்குத் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுத்தோம். பெயர், வயது, தொழில், பிறகு "உதவித்தொகை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்." அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். கையெழுத்திட்டார்.

"இதுதான் தம்பி நான் கேட்டது" என்றார்.