துருப்பிடித்த கம்பி காணியைக் காக்காது

திருகோணமலை மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஆளில்லாத ஒரு வளவையும் அதைச் சுற்றித் தொங்கிக்கிடக்கும் முட்கம்பியையும் காணலாம். கட்டைகள் உளுத்துச் சாய்ந்திருக்கும். கம்பி பாதி புல்லுக்குள்ளும் பாதி பற்றைக்குள்ளும் கிடக்கும். உள்ளே காக்க ஒரு வாழைகூட இருக்காது. இதை ஏன் கழற்றவில்லை என்று கேட்டால் மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் ஒரே பதில்தான் வரும்: "அது கிடக்கட்டும். கழற்றினால் காணி போய்விடும்."

இந்த நம்பிக்கை பிழை. மாட்டையும் மனிதரையும் காயப்படுத்துவதோடு, சில வேளைகளில் காக்க நினைத்த காணியையே கைவிட்டுப் போகச் செய்கிற பிழை. படித்தவர்களும் ஊர்ப் பெரியவர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை இழிவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. 1984இன் இறுதியில் ஊரை விட்டு ஓடிய தென்னமரவாடிச் சனம் போர் முடிந்த பிறகுதான் திரும்பிவந்து தங்கள் மண்ணை மிதித்தது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தாக்குதல் நடந்த அன்றே சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் விழுந்தன. அடுத்த மாதங்களில் மூதூர் கிழக்கு முழுவதும் வெருகல் தாண்டி மட்டக்களப்புக்குப் பெயர்ந்தது. செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. 2007 மே மாத இறுதியில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று அந்தப் பகுதியை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் கூடாரத்துக்குள் ஆண்டுக் கணக்கில் இருந்தவர்களுக்குச் சொந்த வளவின் வேலிக் கட்டை என்பது வெறும் மரம் அல்ல.

ஆனால் அதே வரலாற்றை இன்னொரு தடவை கூர்ந்து பார்க்க வேண்டும். 2006இல் சம்பூரில் வேலி இல்லாமலா இருந்தது? கதியால் வேலி, கிடுகு வேலி, கம்பி வேலி, மதில் எல்லாம் இருந்தன. வீடும் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தன. ஒன்றும் தடுக்கவில்லை. 2012இல் இன்னொரு வர்த்தமானி அறிவித்தல் அதே நிலத்தில் 818 ஏக்கரைக் கைத்தொழில் வலயத்துக்கென்று ஒதுக்கியது. அந்த ஏக்கர்கள் திரும்பி வந்தது 2015இல், அறிவித்தல் நீக்கப்பட்டபோது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் வந்தது. அதற்கிடையில் நடந்தவை முகாம் வாழ்க்கை, மனுக்கள், வழக்குகள், ஆர்ப்பாட்டங்கள். திரும்பிப் போனவர்கள் கண்டது புல்டோசர் ஓடிய வெளி. அந்த வெளியில் தன் வளவு எது என்று காட்ட உதவியவை உறுதி, பெர்மிட், நில அளவைப் படம், பழைய வாக்காளர் இடாப்பு. அவற்றோடு எந்தப் பனைக்கு எந்தப் பக்கம் யாருடைய கிணறு இருந்தது என்று நினைவில் வைத்திருந்த முதியவர்கள். கம்பியைச் சாட்சிக்கு அழைத்தவர் எவரும் இல்லை.

அண்மைய உதாரணமும் இருக்கிறது. 2025இல் முத்துநகர் விவசாயிகள், சூரிய மின் திட்டத்துக்காகத் தங்கள் வயல்கள் பறிபோவதை எதிர்த்துத் திருகோணமலையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பல வருடமாக அவர்கள் உழுத மண் அது. அவர்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டது வேலி இல்லை என்பதல்ல. காணி துறைமுக அதிகார சபையின் பெயரில் இருக்கிறது என்பது. கடதாசியில் இருக்கும் ஒரு பெயர், வரப்பில் நிற்கும் ஆயிரம் கட்டைகளை விடப் பெரிதாகப் போய்விட்டது. அது நியாயமா என்பது தனிக் கேள்வி. என் பார்வையில் நியாயம் இல்லை. ஆனால் நம் காணிகளுக்கு ஆபத்து எந்த வழியால் வருகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணி ஒன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் இடையூறின்றித் தொடர்ந்து ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். "பார்த்தீர்களா, அதுக்குத்தான் வேலி" என்பார்கள். இல்லை. வேலி ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்படலாம், உண்மைதான். ஆனால் நீதிமன்றம் தேடுவது ஆட்சியை: பயிர் செய்தாரா, குடியிருந்தாரா, விளைச்சலை எடுத்தாரா, மற்றவரை வரவிடாமல் வைத்திருந்தாரா என்பதை. கைவிட்ட வளவில் சாய்ந்து கிடக்கும் கம்பி இவற்றில் எதையும் சொல்லாது. வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதைதான். போர்க்காலத்தில் ஊரை விட்டுப் போனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, ஓட வேண்டி வந்தவருக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தப் பாதுகாப்பைத் தந்ததும் சட்டம், கம்பி அல்ல. பெர்மிட் காணி என்றால் நிலைமை இன்னும் நேரடியானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியில் அரசு எதிர்பார்ப்பது அதை அபிவிருத்தி செய்வதை. பயிரிடாமல் வேலி மட்டும் நிற்கும் பெர்மிட் காணி அதன் சொந்தக்காரருக்குப் பலம் இல்லை, பலவீனம்.

இன்னொன்றை எவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இன்று கிடக்கும் பழைய கம்பிகள் எத்தனையோ உண்மையான எல்லையில் இல்லை. முகாம் போட்டவர் தன் வசதிக்கு இழுத்தது ஒன்று. அவசரத்தில் கயிறு பிடித்து அடித்தது இன்னொன்று. பக்கத்து வளவுக்காரர் இல்லாத நேரத்தில் இரண்டு முழம் தள்ளிக் கட்டியது வேறொன்று. அந்தக் கம்பி உங்கள் வளவுக்குள்ளே தள்ளி நிற்குமானால், அதை ஆட்சேபிக்காமல் விட்டுவைக்கும் ஒவ்வொரு வருடமும் அடுத்தவருடைய வழக்குக்கு வலுச் சேர்க்கிறீர்கள். காணியைக் காக்கும் என்று நீங்கள் நம்பும் அதே கம்பி, பத்து வருடம் கழித்து உங்களுக்கு எதிராக நிற்கும்.

இனி, அது செய்யும் கேட்டைச் சொல்கிறேன். இது மாட்டு மாவட்டம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமத் தயிர் என்றால் கொழும்பில் உள்ளவருக்கும் தெரியும். அந்தத் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் வெளியில் மேய்கிற எருமைப் பட்டிகளும் நாட்டு மாட்டுப் பட்டிகளும் இருக்கின்றன. மேய்ச்சல் தரை ஏற்கெனவே சுருங்கிவிட்டது. கைவிடப்பட்ட வளவிலும் பற்றைக் கரையிலும்தான் மாடு வாய் வைக்க வேண்டியிருக்கிறது, பழைய கம்பி கிடப்பதும் அங்கேதான். இறுக்கமாக நிற்கும் வேலியை மாடு கண்டு விலகும். தொய்ந்து புல்லுக்குள் கிடக்கும் கம்பியை அது காணாது. கால் மாட்டிக்கொண்டால் இழுக்கும். இழுக்க இழுக்க முள் ஏறும். பால் தருகிற எருமைக்கு மடி கிழிந்தால் அந்தக் குடும்பத்தின் வருமானமே போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு இதைவிடக் கொடியது. கடற்காற்றின் உப்பில் கம்பியின் நாகப் பூச்சு சீக்கிரம் அழிந்துவிடும். பிறகு அது துண்டு துண்டாக முறியும். மாடு புல்லை நாக்கால் சுருட்டி விழுங்குகிற பிராணி. ஆடு போல் நுனி பார்த்துப் பொறுக்குவதில்லை. இரண்டு விரல் நீளக் கம்பித்துண்டு புல்லோடு உள்ளே போனால் இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கும். அந்த அறைக்கு முன்னால் ஒரு மென்சுவர், அதற்கப்பால் இதயம். இரைப்பை சுருங்கும்போது கம்பி முன்னுக்குத் தள்ளப்பட்டு இதய உறையைத் துளைக்கும். மாடு தீன் தின்னாது, முதுகை வளைத்து நிற்கும், பால் வற்றும், தாடைக்குக் கீழே நீர் கோக்கும். கடைசியில் விழும். மிருக வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. பல நாடுகளில் இதற்காகவே மாட்டுக்கு ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுத்து வைக்கிறார்கள். நம் பட்டிக்காரரோ மாடு ஏன் செத்தது என்று தெரியாமல் கண்ணூறு என்று விட்டுவிடுகிறார்.

பிள்ளைகளுக்கும் இதே ஆபத்துத்தான். ஏற்பு நோயைத் தருவது துரு அல்ல, மண்ணில் வாழும் கிருமி. ஆனால் அந்தக் கிருமி ஆழமான குத்துக் காயத்தில்தான் பெருகும். பந்து பொறுக்கப் போன பிள்ளையின் காலில் முட்கம்பி உண்டாக்குவது அப்படிப்பட்ட காயத்தைத்தான். ஏற்பு ஊசி இருக்கிறதே என்று சொல்லி அந்தக் கம்பியை அங்கேயே விட்டுவைப்பதில் என்ன அர்த்தம்?

யானை விடயத்திலும் இதே பிழை பெரிய அளவில் நடந்திருக்கிறது. இலங்கையில் யானைகள் உலாவும் நிலத்தில் ஏறக்குறைய 70 வீதம் மக்களும் வாழும் நிலம். கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, சேருவில, வெருகல் எல்லாம் அதற்குள் அடங்கும். இரு பக்கமும் யானை நிற்கக் காட்டுக்கு நடுவே நிர்வாக எல்லை பார்த்து மின்வேலி போட்டதால் பயன் இல்லை என்று, யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் கொடுத்த தேசியச் செயற்றிட்டம் சொன்னது. அது பரிந்துரைத்த வழிகளில் ஒன்று வயல்வெளிக்கான பருவகால வேலி: விதைக்கும்போது போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பது. கழற்றிய பிறகு தாளடியில் யானையும் மேயலாம், மாடும் மேயலாம். வேலி என்பது போடுவதோடு முடிகிற வேலை அல்ல, கழற்றுவதும் அதன் பாதி என்று விவசாயிக்குச் சொல்லித்தந்த திட்டம் அது. மின்னூட்டி பழுதாகிக் கைவிட்ட வேலியோ யானையை மறிக்காது. ஆனால் வீட்டு மின்சாரத்தை அதில் கொளுவிவிட எவனோ ஒருவனுக்கு ஆசை காட்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலி நொடிக்கொரு தடவை அடித்துவிடும் துடிப்பு, கொல்லாது. 230 வோல்ட் நேரடிக் கம்பி யானையையும் கொல்லும், விடிய வயலுக்கு வந்த அயலவரையும் கொல்லும்.

வேலி எடுத்தால் நிலம் என்ன செய்யும் என்பதற்கு பொட்சுவானாவைப் பார்க்கலாம். கால்நடை நோய்த் தடுப்புக்கென்று 1968 முதல் நின்ற வேலி, ஒக்கவாங்கோவிலிருந்து மக்கடிக்கடி உப்புவெளிக்குப் போகும் வரிக்குதிரைகளின் வழியை மறித்தது. 2004இல் வேலி அகற்றப்பட்டது. ஒரு வரிக்குதிரையின் ஆயுளைவிட அதிக காலம் மூடிக்கிடந்த அந்தப் பாதையில், சில வருடங்களுக்குள் மந்தைகள் மறுபடி போக ஆரம்பித்தன. நம் ஊரிலும் குளத்துக்குப் போகும் தடங்கள், கரைவலைக்காரர் கடலுக்கு இறங்கும் வழிகள், பட்டி போகும் பாதைகள் செத்த கம்பிக்குப் பின்னால் கிடக்கின்றன.

அப்படியென்றால் எல்லையை எதனால் காட்டுவது? அளந்து கல் நடுங்கள். கல்லுக்குக் கல் கதியால் போடுங்கள்: பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை. சீமைக்கிளுவை மாட்டுக்குத் தீன், வயலுக்குப் பசளை, அடுப்புக்கு விறகு. எங்கள் பாட்டன்மார் இரும்பு வராத காலத்தில் எல்லை தெரியாமல் வாழவில்லை.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அயலவரைக் கூப்பிடுங்கள், கிராம உத்தியோகத்தருக்குத் தெரியப்படுத்துங்கள். பிறகு சண்டை வராது. முன்னர் முகாமோ காவலரணோ இருந்த இடமென்றால் கையே வைக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகும் வரை ஒரு கட்டையைக்கூட அசைக்கக் கூடாது. சந்தேகமான பொருள் கண்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் தடித்த கையுறையும் சப்பாத்தும் போட்டு, இழுவிசையை முதலில் தளர்த்திவிட்டு வெட்டுங்கள். இறுகி நிற்கும் கம்பியை நடுவில் வெட்டினால் அது சுருண்டு முகத்தில் அடிக்கும். வெட்டிய துண்டையும் கழற்றிய ஆணியையும் எண்ணிப் பொறுக்குங்கள், ஒன்றும் புல்லில் கிடக்கக் கூடாது. புரட்டாதியில் புல் காய்ந்து கம்பி தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு பற்றை மூடிவிடும். எடுத்த துருக்கம்பியை வேறு வேலிக்குப் பாவிக்காமல் பழைய இரும்புக்காரருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, மாவட்டச் செயலகத்துக்கும் காணியை வைத்திருந்த படைகளுக்கும் திணைக்களங்களுக்கும் ஒரு கோரிக்கை. காணி விடுவிக்கப்பட்டது என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கும்போது, அங்கே இழுத்த கம்பியை இழுத்தவரே எந்தத் திகதிக்குள் அகற்றுவார் என்பதையும் அதே கடதாசியில் எழுதுங்கள். பதினைந்து வருடம் அகதியாக இருந்து வந்த ஒரு தாய் தன் வளவுக்குள் போக, மற்றவன் போட்ட முள்ளைத் தன் கையால் பிடுங்க வேண்டிய நிலை இனி ஒரு வளவிலும் இருக்கக் கூடாது.