விருந்தாளியாக வருகிறவனும் கூலியாகப் போகிறவனும்

வெளிநாட்டு மாணவர்கள் சில வார காலம் நமது கிராமங்களுக்கு வருகிறார்கள். ஏழைக் குடும்பம் ஒன்றில் தங்குகிறார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். குழந்தைகளுக்கு நாலு இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு விமானம் ஏறிவிடுகிறார்கள். இதற்கென்றே மேல்நாடுகளில் கம்பெனிகள் ஏற்பட்டிருக்கின்றன. மாணவன் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறான். கம்பெனி அவனுக்குத் தொண்டு செய்ய ஓர் ஊரையும், தங்க ஒரு வீட்டையும் பிடித்துக் கொடுக்கிறது. தொண்டும் சரக்காகிவிட்டது! இதை உழைப்பாளி மக்கள் வரவேற்பதா, கூடாதா?

குளச்சல் மக்களுக்கு அந்நியர் வருகை புதிதல்ல. 1741இல் டச்சுக் கம்பெனிக்காரன் மிளகு வியாபாரத்தைக் காப்பாற்றப் பீரங்கியோடு வந்து இறங்கினான், தோற்றான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். பக்கத்து மணவாளக்குறிச்சி மணலுக்கு அன்று பிடித்தது ஏற்றுமதி யோகம். 2004 டிசம்பர் 26 அன்று கடலே ஊருக்குள் வந்தது. உயிர்தப்ப ஓடிய பெண்களையும் பிள்ளைகளையும் ஏ.வி.எம். கால்வாய் வழிமறித்து விழுங்கியது. அந்தத் துயரத்துக்குப் பின் எத்தனையோ தேசத்து இளைஞர்கள் தமிழகக் கடற்கரைக்கு உதவ வந்தார்கள். நம்மோடு சேர்ந்து மண் சுமந்தவர்களும் உண்டு. படம் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல.

குளச்சலுக்குக் கிழக்கே முட்டத்தையே பாருங்கள். பெல்ஜிய நாட்டு எஞ்சினீயர் பியேர் கில்லெட் அங்கே மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகு செய்யும் வேலையில் ஈடுபட்டார். கட்டுமரத்துக்கான மரம் அருகி, விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் இரண்டு வாரத்தில் மூட்டை கட்டிவிடவில்லை. படகைச் செய்வது, கடலில் இறக்குவது, மீனவன் குறை சொன்னால் திருத்துவது என்று பல வருஷம் பிடித்த வேலை அது. அதில் பட்ட சிரமங்களை 1985இல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். இப்படிப்பட்டவர் எந்தத் தேசத்தவரானால் நமக்கென்ன?

ஆகவே, வருகிறவன் அந்நியனா என்பதல்ல கேள்வி. அவனை அனுப்புவது யார்? வந்த வீட்டில் அவன் யாராக இருக்கிறான்? இதுதான் கேள்வி.

1961ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி ‘சமாதானப் படை’யைத் தொடங்கினார். இளைஞர்கள் ஏழை நாடுகளுக்குப் போய், அந்த ஜனங்களோடு வாழ்ந்து சேவை செய்வார்கள் என்றார். வருஷக் கடைசியில் முதல் கோஷ்டி பஞ்சாபுக்கு வந்தது; 1976 வரை இந்தியாவில் அந்தப் படை இருந்தது. வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நல்லெண்ணம் கொண்டவர்கள், மறுக்கவில்லை. ஆனால் அனுப்பிய சர்க்காரின் எண்ணம் என்ன? அந்தப் படைக்காக அதே வருஷம் இயற்றிய சட்டத்தில், தொண்டர்களுக்குக் கம்யூனிசத்தின் ‘அபாயம்’ பற்றியும் பாடம் நடத்த வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கோழி வளர்க்கச் சொல்லித்தர வருகிறவனுக்கு இந்தப் பாடம் எதற்கு? அதே ஏப்ரலில் அதே சர்க்கார் கூலிப்படைக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்துக் கியூபாவின் கிரோன் கடற்கரையில் இறக்கியது. ஒரு கையில் சமாதானம், மறு கையில் துப்பாக்கி!

தாக்குதலுக்கு ஆளான கியூபா அந்த வருஷம் என்ன செய்துகொண்டிருந்தது? எழுத்தறிவு இயக்கம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவிகள் பட்டணத்தை விட்டு மலைக்கும் காட்டுக்கும் புறப்பட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட அதில் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாடப்புத்தகம், ஒரு லாந்தர் விளக்கு, ஒரு தூளி. தூளி எதற்கு? விவசாயி வீட்டில் இருக்கும் ஒரே கட்டிலைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான்! பகலில் அந்தக் குடும்பத்தோடு வயல் வேலை. இரவில் விளக்கொளியில் பாடம். பால் கறக்கவும் கரும்பு வெட்டவும் விவசாயி சொல்லிக் கொடுத்தான்; அவனுக்குப் பேர் எழுத மாணவி சொல்லிக் கொடுத்தாள். டிசம்பர் 22ஆம் தேதி இயக்கம் முடிந்தபோது ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றிருந்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மானுவேல் அஸ்குன்சே என்ற பதினாறு வயது மாணவன் எஸ்காம்ப்ராய் மலையில் பெத்ரோ லான்டிகுவா என்ற விவசாயியின் வீட்டில் தங்கியிருந்தான். நவம்பர் 26 இரவு எதிர்ப்புரட்சிக் கும்பல் வீட்டுக்குள் புகுந்தது. வீட்டுக்காரி அவனைத் தன் மகன் என்று சொல்லிக் காப்பாற்றப் பார்த்தாள். பையன் ஒளியவில்லை, நான்தான் வாத்தியார் என்றான். அவனையும் அந்த விவசாயியையும் சேர்த்தே கொன்றார்கள்.

பணம் கட்டிய தொண்டனுக்கும் அந்தப் பையனுக்கும் எவ்வளவு தூரம்! பணம் கட்டுகிறவனைக் கம்பெனி எப்படியும் திருப்திப்படுத்த வேண்டும். திருப்திப்படுத்த ஏழைகள் வேண்டும். நேபாளத்திலும் கம்போடியாவிலும் தாய் தகப்பன் உயிரோடிருக்கும் குழந்தைகளையே அநாதை விடுதியில் அடைத்து, வெள்ளைக்காரத் தொண்டர்களுக்குக் காட்டிக் காசு பண்ணியது அம்பலமாகியிருக்கிறது. லாபவெறி எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மேல்நாட்டு மாணவன் குளச்சலுக்கு வந்தால் விருந்தாளி. குளச்சல் பையன் கடல் கடந்தால் யார்? வளைகுடா நாடுகளில் கபீலின் படகில் கூலி. பாஸ்போர்ட் பல வேளை அவன் பெட்டியில் இருப்பதில்லை. முதலாளியின் பெட்டியில் இருக்கும். பாயும் தலையணையும் கொடுத்துச் சோறு போட எந்தக் குடும்பமும் காத்திருப்பதில்லை. 2020இல் கொரோனா பரவியபோது தமிழக மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஈரானில் மாதக்கணக்காகச் சிக்கிக் கிடந்தார்கள். குமரி மாவட்டத்தவர் அவர்களில் ஏராளம். ஜூலை 1ஆம் தேதிதான் ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. இவர்களும் இளைஞர்கள்தாம். இவர்களும் பிறதேசத்தைப் பார்த்தவர்கள்தாம்.

பிறதேசத்து மாணவர்கள் வரட்டும். ஆனால் அவர்களை அழைப்பது கம்பெனியாக இருக்கக் கூடாது. ஊராரும் தொழிற்சங்கமும் மீனவர் சங்கமும் கூடிப் பேசி அழைக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை மாதம் என்பதை ஊர் தீர்மானிக்க வேண்டும். அவன் செய்யும் வேலையால் ஒரு கொத்தனாரின், ஓர் ஆசிரியையின் கூலி போகக் கூடாது. சோறு சமைத்து, தண்ணீர் சுமந்து, துணியும் துவைத்துப் போடுகிற வீட்டுப் பெண்ணின் உழைப்பும் உழைப்புதான். கம்பெனி வாங்கும் கட்டணத்தில் அவளுக்கு எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொண்டு செய்யக் கடல் கடக்க வேண்டியதில்லை. தோவாளை வயற்காட்டில் நாற்று நடும் குடும்பத்திலும், குளச்சலில் கரமடி இழுக்கும் குடும்பத்திலும் கோடை விடுமுறையில் ஒரு மாதம் இருந்து பாருங்கள். வளைகுடாவுக்குப் போகிற பையனின் ஒப்பந்தக் காகிதத்தை வாசித்துச் சொல்ல அந்த வீடுகளில் ஆள் தேவை. போகும்போது சாப்பாட்டு அரிசியையும் ஒரு பாயையும் கையோடு கொண்டு போங்கள்.